லென்ஸ் போட்டா ஊனமில்ல, போடாட்டா மக்கு

'தகுதி, திறமை' என்று கூச்சல் போட்டு 1990-ல் மண்டல் பரிந்துரைக்கு எதிராகத் தெருவுக்கு வந்த கூட்டம் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. அது வகுப்பறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. பலகையில் இருப்பதைச் சடசடவென்று வாசிக்கிறவனுக்கு மூளை உண்டு, தட்டுத்தடுமாறி வாசிக்கிறவனுக்கு இல்லை என்பது அதன் கணக்கு. தடுமாறுகிறவன் காலனிப் பையன் என்றால் விளக்கமே வேண்டாம்: 'கோட்டாவுல வந்தது, இவ்வளவுதான் வரும்.' அதே தடுமாற்றம் மேல்சாதிப் பையனுக்கு வந்தால் மட்டும், 'தம்பி, கண்ணக் கொண்டு காட்டு' என்று கரிசனம் பிறக்கும்.

இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. எனக்கு இருப்பது கெரட்டோகோனஸ். கண்ணின் முன்பக்கம் இருக்கிற கார்னியா மெலிந்துபோய்க் கூம்பு மாதிரி வெளியே தள்ளும். பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கி இருபதுகளில் கூடும். சரியாகப் படிக்கிற வயதில்தான் வந்து நிற்கும். ஒரு எழுத்து மூணாத் தெரியும், எழுத்துக்கு வால் முளைக்கும், ராத்திரி வண்டி வெளிச்சம் நாலு பக்கமும் சிதறும். கார்னியா மேடு பள்ளமாகிவிடுவதால், முற்றினால் சாதாரணக் கண்ணாடி எத்தனை மாத்தினாலும் தெளியாது. ஆர்.ஜி.பி. என்கிற கடினமான கான்டாக்ட் லென்ஸ் வேண்டும். லென்சுக்கும் கார்னியாவுக்கும் நடுவில் கண்ணீர் நின்று அந்த மேடுபள்ளத்தை நிரப்பும், எழுத்து ஒண்ணாகும். அது ஒத்துவராதவனுக்கு வெள்ளைவிழியில் உட்காரும் ஸ்க்லீரல் லென்ஸ் உண்டு. அதன் விலையைக் கேட்டாலே கண்ணு இருட்டும். ரைபோஃப்ளேவின் சொட்டும் புறஊதாக் கதிரும் வைத்துக் கார்னியாவை இறுக்குகிற சிகிச்சையும் வந்துவிட்டது. அது நோய் கூடாமல் தடுக்கும். போன பார்வையை முழுசாகத் திருப்பித் தராது. அதற்குப் பிறகும் பலருக்கு லென்ஸ் வேண்டும்.

இது நேற்று வந்த வித்தை இல்லை. 1888-லேயே பாரிசில் எழேன் கால்ட் என்ற மருத்துவர் இந்த நோய்க்காரர்களுக்குக் கண்ணாடியில் செய்த லென்சை வைத்துப் பார்த்துவிட்டார். அய்யன்காளி வில்லுவண்டி ஏறி ராஜபாதையில் போனது 1893-ல். நாங்கள் ரோட்டில் போக உரிமை கேட்பதற்கு முன்பே லென்ஸ் உண்டாகியாச்சு. சண்டை போட்டு ரோட்டை வாங்கினோம். பஞ்சமி என்ற பிள்ளையை அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது அந்தப் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். அதையும் தாண்டி உள்ளே வந்தோம். உள்ளே வந்தவனுக்குப் பலகை தெரியவில்லை என்றால் யார் பொறுப்பு?

எங்கள் களியக்காவிளைப் பக்கம் நிலைமையைச் சொல்கிறேன். மார்த்தாண்டத்தில் கண்ணாடிக் கடை வரிசையாக உண்டு. லென்ஸ் என்று கேட்டால் கல்யாணத்துக்குப் போடுகிற கலர் லென்சை எடுத்து நீட்டுவார்கள். கெரட்டோகோனஸ் லென்ஸ் கடையில் எடுத்துத் தருகிற சாமான் இல்லை. கார்னியாவின் வளைவை டோபோகிராபி படம் எடுத்து, சோதனை லென்சுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாகச் செய்ய வேண்டும். உறுத்தினால் திரும்பப் போகணும். வளைவு மாறினால் மறுபடியும் புதுசு. ஒவ்வொரு தடவையும் பஸ் கூலி, ஒரு நாள் வகுப்பு, கூட வருகிறவருக்கு ஒரு நாள் வேலை.

எங்கம்மா அண்டி ஆபீசில் முந்திரித் தோடு உடைக்கிறவள். தோட்டுப் பால் பட்டு வெந்த கை. லென்சின் விலையைக் கேட்டுவிட்டு அவள் சொன்னது: "சீட்டுப் பைசாய எடுத்துத் தாறேன் மக்களே. பின்ன அது ஒடஞ்சு போச்செண்ணா நான் எங்க போய் நிப்பேன்?" இந்தக் கேள்விக்கு எந்த அரசாணையிலும் பதில் இல்லை. வாங்கிவிட்டால் முடிந்ததா? தினமும் கழுவ மருந்து வேண்டும். குழாய்த் தண்ணியில் கழுவினால் அகாந்தமீபா என்கிற கிருமி ஏறிக் கண்ணையே கெடுக்கும். விடுதியில் குடிக்கவே நல்ல தண்ணி இல்லாதவன் லென்சை எதில் கழுவுவான்? இதெல்லாம் தாண்டி லென்சோடு வகுப்புக்குப் போனால் ஒரு பேராசிரியர் கேட்கிறார்: "லென்ஸ் போடுற வசதி இருக்கு, பின்ன எதுக்குடே ஸ்காலர்ஷிப்?"

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் குறைபார்வைக்கு ஒரு அளவு இருக்கிறது. 'இயன்ற அளவு சிறந்த திருத்தம்' செய்த பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18-ஐத் தாண்டக் கூடாது. அதாவது லென்சைப் போட்டுத்தான் அளப்பான். போட்டால் எனக்குத் தெரியும், ஆகவே நான் ஊனமில்லை. அந்த லென்சை வாங்க எனக்கு வழி உண்டா என்று அளக்க அட்டவணையில் கட்டமே கிடையாது. உதவிக் கருவி தருவதற்கு 1981 முதல் மத்திய அரசின் அடிப் திட்டம் உண்டு. அதற்கு 40 சதவீத ஊனச் சான்று வேண்டும். லென்ஸ் போட்டால் சான்று கிடையாது. சான்று இல்லாவிட்டால் லென்ஸ் கிடையாது. எப்படி இருக்கிறது நியாயம்!

1976-ல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் கண்புரை அறுவையைத்தான் முதன்மையாக வைத்து வளர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தந்தது, நல்லது. கண்ணாடியால் தெளியாத கண்ணோடு கல்லூரிக்குப் போகிறவன் கதி? பட்டியல் சாதி மாணவர் உதவித்தொகையின் 2021 விதிப்படி, சாதாரணப் பட்டப்படிப்புக்கு வீட்டிலிருந்து போகிறவனுக்கு வருஷத்துக்கு 3,000 ரூபாய். மாற்றுத்திறனாளி என்றால் பத்து சதவீதம் கூட. முன்னூறு ரூபாய்! அதுவும் சான்று இருந்தால்தான்.

எல்லையைப் பற்றியும் பேச வேண்டும். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. எங்களுக்குப் பக்கத்துப் பெரிய நகரம் இன்றும் திருவனந்தபுரம்தான், சுமார் முப்பது கிலோமீட்டர். ஆனால் சோதனைச் சாவடியைத் தாண்டினால் என் சாதிச் சான்றுக்குச் சலுகை மதிப்பு இல்லை. சாதி மட்டும் எல்லை தாண்டிக் கூடவே வரும், சலுகை வராது. அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், "தமிழ்நாட்டுல போய் எழுதி வாங்கிட்டு வா" என்றார்கள். இந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், "இதுக்கு இங்க மிஷின் இல்ல, திருவனந்தபுரம் போ" என்றார்கள்.

நம் தோழர்கள் சிலரே கேட்பார்கள்: 'கொலையும் வல்லுறவும் நிலப்பறிப்பும் நடக்கும்போது லென்சைத் தூக்கிக்கொண்டு வருகிறாயே? கண் நோய் எல்லாச் சாதிக்கும் வருவதுதானே?' நோய் எல்லாருக்கும் வரும் தோழர், நிவாரணம் எல்லாருக்கும் வருவதில்லை. பணக்கார வீட்டில் அது ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. எங்கள் வீட்டில் அது படிப்பை நிறுத்திக் கொத்தனாருக்குக் கையாளாகப் போகிற காரணம். அப்படி நின்றவனை எந்தப் பட்டியலும் கண் நோயாளி என்று எழுதாது. 'இடைநின்றவன்' என்று எழுதும். முதல் தலைமுறையாக வாசிக்க வந்தவனின் கண்ணைவிட நமக்கு வேறு என்ன நிலம் இருக்கிறது?

வழி இல்லாமலும் இல்லை. மதுரையில் 1992-ல் ஆரோலேப் தொடங்கி, கண்புரைக்கு வைக்கிற உள்விழி லென்சை இங்கேயே செய்தபோது விலை எட்டுகிற தூரத்துக்கு இறங்கியது. கடின லென்சுக்கும் அப்படி நடக்காது என்று யார் சொன்னது? அதே 2016 சட்டத்தின் 2-ம் பிரிவு, தடைகளோடு மோதும்போது பங்கேற்பைத் தடுக்கிற நீண்டகாலக் குறைபாடு உள்ளவரையே மாற்றுத்திறனாளி என்கிறது. விகாஸ் குமார் வழக்கில் 2021-ல் உச்சநீதிமன்றமும், 40 சதவீதம் இல்லை என்பதற்காகத் தேர்வெழுத உதவியாளரை மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. விலையும் ஒரு தடைதான் என்று நாம் சொல்லவைக்க வேண்டும்.

ஆகவே கேட்கிறோம். மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் டோபோகிராபி கருவியும், லென்ஸ் பொருத்தத் தெரிந்த ஆளும் வேண்டும். படிக்கிற தலித் மாணவருக்கு லென்சும் கழுவும் மருந்தும், உடைந்தால் மாற்று லென்சும் இலவசமாக வேண்டும், 40 சதவீதம் கேட்காமல். கல்லூரியில் சேருகிற அன்றைக்கே கண் பரிசோதனை வேண்டும். பிச்சையாகக் கேட்கவில்லை. பலகையில் என்ன எழுதியிருக்கிறாய் என்று வாசித்துப் பார்க்கத்தான் கேட்கிறோம். வாசித்தால் கேள்வி கேட்போம் என்ற பயம் உனக்கு இருந்தால், அது உன் பாடு.