தினைப்புனத்தில் மரவள்ளி

குறிஞ்சி நிலத்தின் கருப்பொருள்களைச் சொல்லும்போது தினையை அந்நிலத்து உணவென்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். அந்நிலத்துக்கு நாம் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை. அம்மலையில் தினையும் சாமையும் கேழ்வரகும் விளைந்த பல நிலங்களை இன்று மரவள்ளி பிடித்துக்கொண்டிருக்கிறது.

இக்கிழங்கின் பெரும்பகுதி மலையில் உண்ணப்படுவதில்லை. லாரியேறிச் சமவெளியின் சேகோ ஆலைகளுக்குப் போய் ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் மாறுகிறது. மாவுச்சத்தின் 'பாயிண்ட்' பார்த்து ஆலைகள் விலை வைக்கின்றன. ஏறத்தாழப் பத்து மாதம் நிலத்தில் நிற்கும் பயிர் இது. விலை சரிந்தாலோ, 2020க்குப் பின் பரவிய மாவுப்பூச்சி தாக்கினாலோ, சிறு விவசாயியின் கையில் பணமும் இராது. குதிரில் தானியமும் இராது.

மரபை மறந்தார்கள் என்று அம்மக்களைக் குறைகூறுவது நமக்கு எளிது. சாமையை உரலிலிட்டு உமி நீக்கிய பாடு முழுவதும் பெண்களுடையது. கிழங்கில் அப்பாடு இல்லை. பிடுங்கி ஏற்றினால் பணம். பள்ளிச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் பணம்தானே வேண்டும்? 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைப்பதால் அடுப்பும் அணையவில்லை. அது பெரும்பேறுதான். ஆனால் பசியைத் தடுத்த அவ்வரிசியே இழப்பையும் மறைத்துவிட்டது. சாமையோடு அதன் விதையும், மாட்டுக்கான தீவனமும், தட்டிலிருந்த சத்தும் போயின.

ஐ.நா. அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரக் கடைகளிலும் சாமைக்கு மவுசு கூடியிருக்கிறது. மகிழ்ச்சியே, எனினும் ஓர் ஐயம் எழுகிறது. விளைந்த சாமையெல்லாம் நகரத்துக்கு இறங்கி, விளைவித்த வீட்டில் ரேஷன் அரிசியே வேகுமானால், சாமையும் மற்றொரு மரவள்ளியாகிவிடும். எந்தப் பயிர் என்பதைவிட, அது யார் வீட்டு உலைக்குப் போகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலை ஊர்களில் அமைத்த உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஒரு வழியைக் காட்டுகின்றன. உரல் வேலை ஒழிந்தால்தான் சாமை வீட்டில் தங்கும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். அவ்வாறே கொல்லிமலைச் சாமையை அரசு கொள்முதல் செய்து அம்மலையின் கடைகளிலேயே வழங்கலாம். மரவள்ளியை அடியோடு விலக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்கான நிலத்தை முதலில் ஒதுக்கி, மீதியைக் கிழங்குக்கு விடும் துணிவை அவ்விவசாயிக்கு அளிப்பதே அரசின் கடமை என்போம்.