ஆள்தான் மாறுகிறான், பேச்சு அதேதான்

போன வாரம் எங்கள் பகுதிப் பெரியவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வடமாநிலத்து ஆட்கள் பிள்ளை பிடிக்க இறங்கியிருக்கிறார்களாம், உஷார். எந்த ஊர், என்றைக்கு, யார் பார்த்தது, ஒன்றும் இல்லை. அனுப்பியவர் நல்ல மனிதர், தினமும் என்னோடு காலை நடைக்கு வருபவர். கேட்டால், "எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கட்டும்னுதான் சார்" என்கிறார்.

அந்த "எதுக்கும்" என்ற சொல் நம் மாவட்டத்திலேயே உயிர் குடித்திருக்கிறது. 2018 மே மாதம் இதே வதந்தி பரவியபோது, பழவேற்காட்டில் ஊர் பேர் தெரியாத ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே நாட்களில் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊர் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்தார். அவர் வடக்கத்திக்காரர் அல்ல, நம் தமிழ்ப் பெண்மணி. கூட்டம் அடிக்க ஆரம்பித்த பிறகு யார், எந்த ஊர் என்று விசாரிப்பதில்லை.

காக்களூர் சிட்கோ பக்கம் டீக்கடையில் நின்றால் காதில் விழுவது இது: "கூட்டமா வந்துட்டான், நம்ம வேலையைப் பிடுங்கிட்டான்." இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? 1966இல் சிவசேனை தொடங்கியபோது பம்பாயில் இதைக் கேட்டவன் "மதராசி". 2008இல் அதே மும்பையில் பீகார், உத்தரப் பிரதேசத்துக்காரன். 1991 டிசம்பரில் காவிரியைச் சாக்காக வைத்துப் பெங்களூரில் அடிபட்டவன் தமிழன். இலங்கையில் 1958, 1977, பிறகு 1983 ஜூலை. அங்கே வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போனார்கள். அதற்கும் பல வருஷம் முன்பே, அரசாங்க வேலையெல்லாம் தமிழனுக்கே போகிறது என்ற பேச்சு அங்கே ஊறிக்கிடந்தது. அந்த நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள் இன்றும் நம் கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கிறார்கள். இனவெறி எங்கே கொண்டு போய் விடும் என்று தெரிய வேண்டுமானால் அவர்களைக் கேளுங்கள்.

பொய் எதிர்ப்பக்கமும் ஓடும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களைக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் வடக்கே சுற்றின. பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. அன்று "எங்கள் பேரைக் கெடுக்கிறார்களே" என்று கொதித்தோம். இன்று நாமே அதே காரியத்தைச் செய்கிறோம்.

கூலி குறைகிறது என்ற குறை நியாயமானதுதான். ஆனால் கூலியை நிர்ணயிப்பவன் முதலாளியும் கான்ட்ராக்டரும். தகரக் கொட்டகையில் பத்துப் பேராகப் படுத்துக்கொண்டு 12 மணி நேரம் வேலை பார்ப்பவன் அல்ல. சண்டை போடுவதென்றால் குறைந்தபட்சக் கூலிக்காக மேலே இருப்பவனோடு போடுங்கள். திருடினால் திருடியவன் மேல் புகார் கொடுங்கள், அவன் மாநிலத்தின் மேல் வேண்டாம்.

அரிவாள் எடுப்பவன் எங்கோ இருக்கும் ரவுடி என்று நினைக்கிறோம். அவனுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுப்பது நம்மைப் போன்ற பென்ஷன்காரர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து தட்டிவிடும் செய்தி.

நாளைக் காலை நடையில் நண்பரிடம் கேட்கப்போகிறேன்: "யார் சார் பார்த்தது?" பதில் இல்லையென்றால், அனுப்பிய இடத்திலேயே அது பொய் என்று அவர் எழுத வேண்டும்.