விலையை விடுங்கள், தேதியைப் பாருங்கள்

5,299 வெள்ளி. ஆப்பிள் நிறுவனம் தன் விஷன் ப்ரோ தலைக்கருவியை 2024 ஜூன் 28 அன்று சிங்கப்பூரில் விற்பனைக்கு வைத்தபோது அதன் ஆகக் குறைந்த விலை இது. அமெரிக்காவில் 3,499 டாலர், அதற்கு மேல் அந்தந்த மாநிலத்து வரி. அன்றைய நாணய மாற்றில் பெருக்கி, நம் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்தால் 5,150 வெள்ளி சொச்சம் வருகிறது. மீதி நூற்றுச் சில்லறையை நான் குறை சொல்லமாட்டேன். நாணயம் ஏறும், இறங்கும். இறக்குமதிச் சரக்குக்கு விலை போடுகிறவன் கொஞ்சம் இடம் விட்டுத்தான் போடவேண்டும். சிம் லிம் கடைத்தொகுதியில் வீடியோ கேமராவும் லென்சும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவன் என்பதால் இந்தக் கணக்கு என் கைக்குத் தானாகவே வருகிறது.

அந்த விலையைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறைய. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அதன் உள்ளே இருந்ததைப் பாருங்கள்: அஞ்சல்தலை அளவில் இரண்டு மைக்ரோ ஓஎல்இடி திரைகள், இரண்டிலும் சேர்த்து 2.3 கோடிப் புள்ளிகள். பன்னிரண்டு கேமராக்கள். கணினி வேலைக்கு எம்2 சில்லு. கேமராக்களும் மற்ற உணரிகளும் பிடிப்பதை உடனுக்குடன் கண்முன் கொண்டுவர ஆர்1 என்று தனியாக இன்னொன்று. எதிரே இருக்கும் மேசையைக் கேமரா பார்த்து, அது திரையில் வருவதற்குள் கொஞ்சம் தாமதமானாலும் தலை சுற்றும். அந்தத் தாமதத்தை ஒழிப்பதற்குத்தான் பாதிச் செலவோ என்று தோன்றுகிறது. இப்படிப்பட்ட பொருளை முதல் தலைமுறையிலேயே மலிவாகக் கொடுக்க யாராலும் முடியாது. இதே நிறுவனம் 1983-ல் லிசா கணினியை 9,995 டாலருக்கும், மறு ஆண்டு முதல் மேக்கின்டாஷை 2,495 டாலருக்கும் விற்றது. அன்றைய டாலரில்.

ஆகவே விலையைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. என் வழக்கு தேதியைப் பற்றியது.

ஆர்ச்சர்ட் ரோட்டில் உள்ள ஆப்பிள் கடைக்குப் போய் டெமோ பார்த்தேன். இலவசம்தான். முதலில் ஐபோனை நீட்டி முகத்தை அளந்தார்கள். என் மூக்குக்கண்ணாடியை ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்துப் பவர் பார்த்து, அதற்கேற்ற லென்சைக் கருவிக்குள் பொருத்தினார்கள். நான் விற்ற காலத்தில் வாடிக்கையாளரை இப்படி உபசரித்ததில்லை. நேரமும் இருந்ததில்லை, பொறுமையும் இருந்ததில்லை. மாட்டிக்கொண்டதும் காண்டாமிருகம் மூக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பாறைகளுக்கு நடுவே கயிற்றில் ஒருவர் நடந்தபோது என் பாதம் கூசியது. அற்புதம், சந்தேகமே இல்லை. கழற்றிய பிறகு டெமோ காட்டிய கடைத் தம்பியிடம் கேட்டேன்: “வீட்டுக்குக் கொண்டுபோனால், அடுத்த வாரம் இதை வைத்து நான் என்ன செய்வது?”

“படம் பார்க்கலாம் அங்கிள், ஃபோட்டோ பார்க்கலாம்” என்றார். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அலமாரியில் இல்லாத சரக்கை அவர் எங்கிருந்து எடுப்பார்? 2024 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவில் விற்பனை தொடங்கியபோது நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், ஸ்பாட்டிஃபை மூன்றுமே இந்தக் கருவிக்கென்று செயலி தரவில்லை. மேக் கணினியின் திரையைக் கண்முன் பெரிதாக விரிக்கும் வசதி அப்போதே இருந்தது. ஆனால் உண்மையில் வேலைக்கு உதவக்கூடிய அந்த மிக அகலமான வடிவம் டிசம்பரில்தான் வந்தது. பார்ப்பவரைச் சுற்றிலும் காட்சி விரியும்படி ஆப்பிள் எடுத்த முதல் கதைப்படம் ‘சப்மெர்ஜ்ட்’ அக்டோபரில். விளையாட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த பிளேஸ்டேஷன் விஆர்2 கைப்பிடிகளுக்கு 2025 செப்டம்பரில்தான் வழி திறந்தது. அதாவது 3,499 டாலருக்கு நியாயம் சொல்லக்கூடிய காரணங்கள் பத்து மாதம், ஒன்றரை ஆண்டு என்று பிந்தி வந்தன. பணத்தை மட்டும் முதல் நாளே முழுசாக வாங்கிக்கொண்டார்கள்.

நாள் குறித்த விதமும் விசித்திரம். 2023 ஜூன் 5 அன்று மென்பொருள் எழுதுவோர் மாநாட்டில் அறிமுகம். அதிலிருந்து எட்டு மாதம் கழித்து, கிறிஸ்துமஸ் வியாபாரமெல்லாம் முடிந்த பிப்ரவரியில் விற்பனை. பரிசுப் பருவத்தை வேண்டுமென்றே தவிர்க்கிற வியாபாரி, தன்னிடம் சரக்கு குறைவு என்றோ, கூட்டம் வேண்டாம் என்றோ சொல்கிறான் என்று பொருள். சிங்கப்பூருக்கு இன்னும் ஐந்து மாதம் தள்ளி. ஜூன் பள்ளி விடுமுறை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய வாரத்தின் வெள்ளிக்கிழமை! இந்த ஊரில் கடை வைத்த எவரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போதாததற்கு, ஜூன் 10 அன்றுதான் அடுத்த மென்பொருள் பதிப்பை மேடையில் காட்டி, ஆண்டின் பிற்பகுதியில் வரும் என்று அறிவித்திருந்தார்கள். நாம் வரிசையில் நிற்கும்போதே பெட்டிக்குள் இருந்தது பழசாகிவிட்டது.

மெட்டாவின் சாமர்த்தியம் வேறு வகை. ஆப்பிள் மேடை ஏறுவதற்கு நான்கு நாள் முன்பே, 2023 ஜூன் 1 அன்று, தங்கள் குவெஸ்ட் 3 தலைக்கருவி வரப்போகிறது, 499 டாலர் என்று சொல்லி வைத்தார்கள். முதலில் காதில் விழும் விலைதான் மனத்தில் அளவுகோலாக நிற்கும். ஆப்பிள் 3,499 என்றதும் மெட்டாவின் 499 இன்னும் மலிவாகத் தெரிந்தது. போட்டியாளருக்கு ஆப்பிள் செலவில்லாமல் விளம்பரம் செய்துகொடுத்தது. ஆனால் மெட்டாவும் உத்தமர் இல்லை. 2022 அக்டோபரில் 1,499 டாலருக்கு விற்கத் தொடங்கிய குவெஸ்ட் ப்ரோவை மறு மார்ச்சில் 999-க்கு இறக்கினார்கள். ஐந்தே மாதம். முதலில் வாங்கியவர் முகத்தை யார் பார்ப்பது?

கருவியை வெளியே விடாமல் எப்படிச் செயலி வரும், கருவி கையில் இருந்தால்தானே எழுதுகிறவர் எழுதுவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விலை கூடினால் வாங்குகிறவர் குறைவார்; வாங்குகிறவர் குறைந்தால் அவர்களுக்காக யாரும் மெனக்கெட்டுச் செயலி எழுதமாட்டார்கள்; செயலி இல்லையென்றால் அந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். இந்தச் சுழலைப் பொதுமக்கள் பணத்தால் உடைக்கப் பார்த்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் 2016-ல் தன் ஹோலோலென்ஸ் தலைக்கருவியை 3,000 டாலருக்கு விற்றபோது, இது உருவாக்குநர் பதிப்பு என்று பெயரிலேயே சொல்லிவிட்டது. வாங்கியவருக்குத் தெரியும், தான் வாங்குவது பாதி வேலை முடிந்த பொருள் என்று. அந்தக் கருவி வரிசை பிற்பாடு பிழைக்கவில்லை, அதன் இரண்டாம் தலைமுறைக்கும் 2024-ல் உற்பத்தி நின்றுபோனது என்பதும் உண்மைதான். தோற்றாலும் நாணயமாகத் தோற்றது. ஆப்பிளும் செயலி எழுதுவோருக்கு 2023-லேயே கருவிகளை இரவல் கொடுத்தது. அந்த வட்டத்தையே இன்னும் ஓராண்டு விரித்திருந்தால், 2024 டிசம்பரில் அகலத் திரையோடும் கதைப்படத்தோடும் அதே 3,499-க்குக் கடை திறந்திருக்கலாம். என் கேள்வியில் மாட்டிக்கொண்ட அந்தத் தம்பிக்கும் பதில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

இந்த விலையில் இது எல்லாருக்குமான பொருள் இல்லை, நாளைய தொழில்நுட்பம் இன்றே வேண்டும் என்பவர்களுக்கானது என்று டிம் குக்கே 2024 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஏட்டிடம் சொன்னார். இதை விற்பனை தொடங்கிய அன்றே கடை வாசலில் எழுதி வைத்திருந்தால் அவரை இன்னும் மதித்திருப்பேன்.

ஒரு விஷயத்தில் ஆப்பிளைப் பாராட்டவும் வேண்டும். 2025 அக்டோபரில் எம்5 சில்லுடன் புதுப் பதிப்பு வந்தபோது அமெரிக்காவில் விலை அதே 3,499 டாலர். விலையை இறக்கி, முன்பு வாங்கியவரை முட்டாளாக்கவில்லை. எடைதான் கூடிவிட்டது: பழையது 600 முதல் 650 கிராம், புதிய பட்டையோடு 750 முதல் 800 கிராம். முன்பாரத்தைச் சமன் செய்யப் பின்பக்கப் பட்டையில் எடை வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள், கழுத்து ஒன்றுதானே. அதே வாரத்தில் சாம்சங் தன் கேலக்ஸி எக்ஸ்ஆர் தலைக்கருவியை 1,799 டாலருக்கு இறக்கியது. ஏறக்குறைய பாதி விலை. ஆகவே ஆப்பிளும் ஒருநாள் மலிவான மாதிரி கொண்டுவந்தே ஆகவேண்டும்.

அந்த நாளுக்கு அவர்களுடைய பழைய கணக்குப் புத்தகத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2007 ஜூன் 29 அன்று 599 டாலருக்கு விற்ற ஐபோனை, செப்டம்பர் தொடக்கத்தில் 399-க்கு இறக்கினார் ஸ்டீவ் ஜாப்ஸ். வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். மறுநாளே அவர் பகிரங்கக் கடிதம் எழுதி, ஆளுக்கு 100 டாலர் கடைச் சலுகை தந்தார். 200 இழந்தவருக்கு 100. முழு நியாயம் இல்லை. ஆனால் முதல் வாடிக்கையாளருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று ஒப்புக்கொண்டது பெரிது. மலிவு மாதிரியை அறிவிக்கும் அதே மேடையில், 5,299 வெள்ளி கொடுத்தவர்களுக்கு என்ன கழிவு என்பதையும் ஆப்பிள் சொல்லவேண்டும். அந்த மாதிரியைச் சிங்கப்பூரில் விற்கும் தேதியையும், முடிந்தால், பள்ளி திறக்கும் வாரத்தில் வைக்காமல் இருக்கட்டும்.