உறையாத ரத்தமும் உருகாத நெஞ்சங்களும்

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலிருந்து 2024 டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. பெரிய பத்திரிகைகள் அதை ஒரு மூலையில் போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டன. பொன்மலைத் தொழிலாளர்களாகிய நாம் அப்படிப் போய்விட முடியாது. அந்தச் செய்தியில் நமது குழந்தைகளின் ரத்தம் சம்பந்தப்பட்டிருக்கிறது. நமது வரிப்பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

செய்தி இதுதான். டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவாவும் அவரது சகாக்களும் கடுமையான ஹீமோபிலியா 'ஏ' நோய் கொண்ட 5 பேருக்கு மரபணு சிகிச்சை செய்தார்கள். அவர்களின் வயது 22 முதல் 41 வரை. ஒவ்வொருவரின் ரத்தத்தையும் உற்பத்தி செய்யும் மூல அணுக்களை அவரிடமிருந்தே எடுத்து, அவற்றில் பழுதற்ற மரபணுவைப் புகுத்தி, திரும்ப அவர் உடலிலேயே செலுத்தினார்கள். ஐவரையும் கண்காணித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள். அத்தனை மாதங்களில் ஒருவருக்குக்கூட ரத்தக்கசிவு ஏற்படவில்லை. அமெரிக்காவின் புகழ்பெற்ற 'நியூ இங்கிலாந்து' மருத்துவ சஞ்சிகை இதை வெளியிட்டது.

ஹீமோபிலியா என்றால் என்ன? நம் உடலில் காயம் பட்டால் ரத்தம் தானே உறைந்து அடைத்துக்கொள்கிறது. இதற்காக ரத்தத்தில் பல காரணிகள் இருக்கின்றன. அவற்றுக்கு எண்ணிட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டறையில் ஒரு வேலை கைக்குக் கை மாறிப் போவதைப் போல, ஒரு காரணி அடுத்ததை முடுக்க, அது அதற்கடுத்ததை முடுக்க, கடைசியில் ரத்தம் உறைகிறது. எட்டாவது ஆள் வேலைக்கு வரவில்லை என்று வையுங்கள். அதற்கப்பால் உள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எட்டாம் காரணி இல்லாத இந்த நிலைதான் ஹீமோபிலியா 'ஏ'. பையன் பந்து விளையாடி விழுந்தால் முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து பூசணிக்காய் போல வீங்குகிறது. பலமுறை இப்படி நடந்தால் மூட்டு தேய்ந்து கால் மடங்கிப் போகிறது. மூளையில் கசிந்தால் உயிரே போகிறது.

ரஷ்யாவின் சார் நிக்கோலாஸின் ஒரே மகன் அலெக்ஸிக்கு ஹீமோபிலியா இருந்தது. அரண்மனை வைத்தியர்களால் முடியாதபோது ரஸ்புடின் என்ற சாமியார் உள்ளே நுழைந்து ராஜ்ய விவகாரத்திலேயே மூக்கை நுழைத்த கதை நமது வாசகர்களுக்குத் தெரியும். அதனால் 'ராஜ ரத்தத்தின் நோய்' என்று இதற்கு ஒரு பெயர் ஏற்பட்டது. பச்சைப் பொய்! ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு ஹீமோபிலியா 'ஏ' வருகிறது. அரண்மனையா, ரயில்வே காலனியா என்று அது பார்ப்பதில்லை. தாய் வழியாக வரும் நோய் என்பதைப் பிடித்துக்கொண்டு மருமகளை ஏசும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்குமே இந்த நோய் இருந்ததில்லை.

இந்த நோய்க்கு மருந்து கண்ட வரலாறு, விஞ்ஞானம் ஒரு பக்கமும் லாபவேட்டை ஒரு பக்கமும் நின்ற வரலாறு. 1964-65ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஜூடித் பூல் என்ற பெண் விஞ்ஞானி ஒன்றைக் கண்டார். உறைய வைத்த பிளாஸ்மாவைக் குளிர்ச்சியிலேயே மெல்ல இளக விட்டால் அடியில் ஒரு வண்டல் தங்குகிறது. எட்டாம் காரணி அந்த வண்டலில் செறிந்து கிடக்கிறது. சாதாரண ரத்த வங்கியிலேயே செய்துவிடக்கூடிய காரியம். உலகெங்கும் செய்தார்கள், எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள்.

பிறகு கம்பெனிகள் வந்தன. ஏழைகளிடமும் சிறைக் கைதிகளிடமும் காசு கொடுத்து வாங்கிய பிளாஸ்மாவையெல்லாம் ஒரே தொட்டியில் கலந்து மருந்து தயாரித்தன. ஒருவர் ரத்தத்தில் இருந்த எய்ட்ஸ் கிருமி ஆயிரக்கணக்கான பேரைப் பிடித்தது. சூடாக்கிக் கிருமி நீக்கிய மருந்தை 1984ல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய பிறகும், பேயர் கம்பெனியின் கட்டர் என்ற பிரிவு, கையிருப்பிலிருந்த பழைய மருந்தை ஆசியாவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் ஓராண்டுக்கு மேல் அனுப்பிக்கொண்டிருந்தது. இதை 2003ல் அம்பலப்படுத்தியது நியூயார்க் டைம்ஸ். ஏதோ மாஸ்கோ பத்திரிகையின் பிரச்சாரம் என்று யாரும் தட்டிவிட முடியாது.

இன்று மரபணு சிகிச்சை வந்துவிட்டது. விலை என்ன? ஹீமோபிலியா 'பி'க்கு 2022ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துக்கு 35 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் 28 கோடி ரூபாய்க்கு மேல். ஹீமோபிலியா 'ஏ'க்கு 2023ல் அங்கே வந்ததற்கு 29 லட்சம் டாலர். ஃபைசர் கம்பெனி 2024ல் தன் மருந்துக்கு அமெரிக்க அனுமதி பெற்றது. வாங்குவார் அதிகமில்லை என்றதும் 2025 பிப்ரவரியில் அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டது. நோயாளி இருக்கிறான், மருந்தும் இருக்கிறது, லாபம் மட்டும் போதவில்லை. ஆகவே கடையை மூடு! இதுதான் ஏகபோகத்தின் தர்மம்.

வேலூர் வைத்தியர்கள் நெடுங்காலமாக வேறு பாதையில் நடந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பணக்கார நாடுகளில் அறுவைச் சிகிச்சைக்கு மூட்டை மூட்டையாக உறைவுக் காரணியைச் செலுத்துகையில், அதைவிடக் குறைந்த அளவிலேயே பத்திரமாக அறுவை செய்ய முடியும் என்று 1990களிலேயே அவர்கள் காட்டினார்கள். பஞ்சத்தில் வந்த சிக்கனம் என்று இதைச் சிலர் எண்ணலாம். நாம் அப்படி எண்ணவில்லை. எவ்வளவு இருந்தால் போதும் என்று அளந்து கண்டுபிடிப்பதும் விஞ்ஞானம்தான். மருந்து விற்பவன் அந்த ஆராய்ச்சியை ஒருநாளும் செய்யமாட்டான். உலக ஹீமோபிலியா சம்மேளனம் 2013லும் 2020லும் வெளியிட்ட சிகிச்சை நெறிகளுக்கு டாக்டர் ஸ்ரீவஸ்தவாவே முதல் ஆசிரியர்.

ஐந்தே பேர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. புதிய அணுக்களுக்கு இடம் செய்யக் கடுமையான மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. அதில் ஆபத்து உண்டு. இன்னும் பல ஆண்டுகள் கவனித்துத்தான் இறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் மேல்நாட்டுச் சிகிச்சை கல்லீரலை நம்பியது. வளரும் பிள்ளைகளுக்கு அது பொருந்துவது கஷ்டம், சில ஆண்டுகளில் பலன் குறைவதும் உண்டு. வேலூர் முறை ரத்தத்தின் மூலத்திலேயே கை வைக்கிறது. நம்பிக்கைக்கு இடமிருக்கிறது.

இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது யார்? இந்திய சர்க்காரின் உயிர்த் தொழில்நுட்பத் துறை. அதாவது தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டும் ஜனங்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார் கூட்டாக உழைத்திருக்கிறார்கள். விஞ்ஞானிகள் கைகோத்து உழைப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் நாளை இந்தச் சிகிச்சை சந்தைக்கு வரும்போது உரிமை யார் கையில் இருக்கும், விலையை யார் நிர்ணயிப்பார்கள்? செய்துகொள்ளப்படும் ஒப்பந்தங்களைப் பார்லிமெண்டின் முன் வைக்க வேண்டும் என்று கோருகிறோம்.

முடியாத காரியமா என்ன? சோவியத் உதவியுடன் ரிஷிகேசத்திலும் ஹைதராபாத்திலும் ஐ.டி.பி.எல். மருந்துத் தொழிற்சாலைகள் எழுந்தன. நமது சென்னையில் அறுவைக் கருவித் தொழிற்சாலை எழுந்தது. அவற்றை வாட விட்டு, 2016ல் மூடுவதென்று முடிவு செய்தது மத்திய சர்க்கார். செங்கல்பட்டில் பொதுப்பணத்தில் கட்டிய தடுப்பூசி வளாகம், 2021ல் நாடே தடுப்பூசிக்கு அலைந்தபோது உற்பத்தியின்றிக் கிடந்தது. சட்டமும் இருக்கிறது. 2012ல் பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கியதும், மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த விலை 9,000 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. அந்தச் சட்டப்பிரிவைத் துருப்பிடிக்க விட்டிருப்பவர்கள் யார் என்று கேட்கிறோம்.

ரத்தம் உறையாவிட்டால் ஒரு நோய் என்றால், உறையக் கூடாத இடத்தில் உறைந்தால் இன்னொன்று. மூளைக் குழாயில் ரத்தக் கட்டி அடைத்தால் பக்கவாதம். குழாய் வெடித்துக் கசிந்தாலும் பக்கவாதம்தான். முதல் வகைக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இரண்டாவது வகைக்கு அதே ஊசியைப் போட்டால் ஆளை முடித்துவிடும். ஆகவே முதலில் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். வாய் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறிய ஆளைக் காற்று சேஷ்டை என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த நேரம் போயே போய்விடும்.

இந்த நோய் நமது பட்டறைக்குப் புதிதல்ல. ரத்தக் கொதிப்பு அதன் முதல் காரணம். உலைச் சூடும் இரவு ஷிப்டும் ஓவர்டைமும் கடன் கவலையும் அதற்கு நல்லது செய்வதில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021ல் சேர்ந்து வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். வாரம் 55 மணிக்கு மேல் வேலை செய்பவருக்கு, 35-40 மணி வேலை செய்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவிகிதம் அதிகம். நீண்ட வேலை நேரத்தால் 2016ல் மட்டும் பக்கவாதத்திலும் இருதய நோயிலும் மாண்டவர்கள் 7,45,000 பேர். இந்தக் கணக்கு வெளிவந்த இரண்டே ஆண்டில், 2023 ஏப்ரலில், 12 மணி வேலைக்கு வழிசெய்யும் மசோதாவைச் சென்னைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள்! தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று அது வாபஸ் ஆயிற்று. எட்டு மணி நேர வேலை என்பது கூலிக் கணக்கு மட்டுமல்ல, மூளைக் குழாய்க் கணக்கும்கூட என்று இனி நிர்வாகத்திடம் சொல்லலாம்.

1946 செப்டம்பர் 5ந் தேதி சங்கத் திடலில் ஐந்து தோழர்களின் ரத்தம் சிந்தப்பட்ட ஊர் இது. இங்கே நிரந்தரத் தொழிலாளிக்கு ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது. அவன் பக்கத்திலேயே அதே இரும்பைத் தூக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கு அந்த வாசல் இல்லை. அவன் பிள்ளைக்கு ஹீமோபிலியா என்றால் என்ன செய்வான்? தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் உறைவுக் காரணியை இலவசமாகக் கொடுக்கிறார்கள்; இது போராடிப் பெற்றுக் காக்க வேண்டிய உரிமை. ஆனால் ரத்தம் கசியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தகப்பனுக்கு அன்றைய கூலி போகிறது.

ஆகவே நமது கோரிக்கைகளை வைக்கிறோம். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரியில் உறைவுக் காரணியும், கட்டி கரைக்கும் ஊசியும், இரவு பகல் ஸ்கேனும் ஒரு நாளும் இல்லையென்னாமல் இருக்க வேண்டும். பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சை, பட்டறைக்குள் உழைக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் திறக்கப்பட வேண்டும். 2016ம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவை ஊனமென ஒப்புக்கொண்டது. ஆனால் வேலைக்கான 4 சதவிகித ஒதுக்கீட்டுப் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும். வேலூர் சிகிச்சை வெற்றி பெற்று வரும் நாளில் அதைப் பொதுத்துறையில் தயாரிக்க இன்றே ஏற்பாடு தொடங்க வேண்டும். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளுக்குக் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் சம்பளம் உண்டென்று காண்டிராக்ட் ஷரத்திலேயே எழுதப்பட வேண்டும்.