நடைபாதை நடப்பவருக்கே!

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் இனி அபராதச் சீட்டு உண்டு என்று ஜப்பான் அரசாங்கம் முடிவு கட்டியது. 2024ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் அமல். 16 வயது நிரம்பிய எவரும் இதற்கு விலக்கல்ல. நடைபாதையிலே விதியை மீறிச் சைக்கிள் விட்டால் அபராதம் 6,000 யென். சும்மா ஏறிப் போகிறவரை எச்சரித்து அனுப்புவோம், நடப்பவருக்கு ஆபத்து விளைவிக்கிறவரைத்தான் பிடிப்போம் என்று போலீசார் விளக்கமும் தந்திருக்கிறார்கள்.

எங்கோ ஒரு நாட்டிலே சைக்கிள்காரருக்கு அபராதம் போட்டால் அதற்கொரு கட்டுரையா என்று கேட்கத் தோன்றும். காரணம் இருக்கிறது. அந்தச் சைக்கிள்காரரை நடைபாதைக்கு ஏற்றிவிட்டதே அதே அரசாங்கந்தான்! 1970இல் கையைப் பிடித்து மேலே ஏற்றினார்கள். அரை நூற்றாண்டு கழித்துக் காதைப் பிடித்துக் கீழே இறக்கப் பார்க்கிறார்கள். இடையிலே நடந்தது என்ன? நடைபாதையிலே சைக்கிள் போகலாமா என்று கேட்கிற ஒவ்வொரு ஊரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

இரண்டு வழக்கிலும் நியாயம் உண்டு

முதலில் சைக்கிள்காரரின் வழக்கைக் கேட்போம். முன்னே பஸ், பின்னே லாரி, பக்கத்திலே சீறிப் பாயும் கார். நடுவிலே இரண்டு சக்கரத்தின் மேல், இரும்புக் கூடோ, தகரத் தடுப்போ இல்லாமல், தன் காலின் வலுவை மட்டுமே நம்பிப் போகிறார் ஒரு மனிதர். ஓரத்திலே ஆளில்லாமல் நடைபாதை கிடக்கிறது. 'அதிலே ஏறிக்கொள்ளட்டுமா?' என்கிறார். அவர் கேட்பது ஆடம்பரமா? இல்லை, உயிர்ப் பிச்சை கேட்கிறார்!

இனி நடப்பவரின் வழக்கு. நிதானமாகப் போகிற சைக்கிளே மணிக்கு 15 கிலோமீட்டர் போகும். அதாவது ஒரு விநாடிக்கு நாலு மீட்டருக்கு மேல். நடக்கிறவர் அந்த விநாடியில் ஓரடி, ஈரடி எடுத்து வைத்திருப்பார். பின்னாலிருந்து வருகிற சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. காது மந்தமான கிழவர், கோலால் தட்டித் தட்டி வழி காணும் கண்ணிழந்தவர், இடுப்பிலே ஒன்றும் கையிலே ஒன்றுமாகப் பிள்ளைகளை அழைத்துவரும் தாய், வாசற்படியிலிருந்து துள்ளிக் குதித்து வெளியே வரும் சிறுவன் — இவர்கள் எல்லாம் யாருக்கும் வழிவிடாமல், யாருக்கும் அஞ்சாமல் நடக்கக்கூடிய ஒரே இடம் அந்த ஆறடி அகலந்தான். அதையும் பங்கு கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? கார் பயத்தால் சைக்கிள்காரர் ஏறி வரலாம். சைக்கிள் பயத்தால் கிழவர் எங்கே ஏறுவது? அவருக்கு வீட்டுத் திண்ணைதான் மிச்சம்!

இருவரும் எளியவர். இருவர் பக்கமும் நியாயம். அப்படியானால் தீர்ப்பு எப்படிச் சொல்வது? இருவரையும் இப்படி ஒருவர்மேல் ஒருவர் மோதவிட்ட மூன்றாமவர் யார் என்று பார்த்தால்தான் தீர்ப்பு கிடைக்கும்.

ஜப்பான் கற்ற பாடம்

1960களிலே ஜப்பானில் மோட்டார் வண்டிகள் பெருகின. சாலைச் சாவுகளும் பெருகின. 'போக்குவரத்துப் போர்' என்றே அந்நாட்டவர் அதற்குப் பெயரிட்டார்கள். 1970இல் மட்டும் சாலையிலே மாண்டவர் 16,765 பேர். அந்நாட்டின் கணக்கிலே அதற்கு முன்னும் அப்படியொரு ஆண்டில்லை, பின்னும் இல்லை.

அரசாங்கம் அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? காரின் வேகத்தைக் குறைத்து, காருக்குக் கொடுத்த இடத்திலே கொஞ்சம் வெட்டியெடுத்துச் சைக்கிளுக்குத் தந்திருக்கலாம். ஆனால் கார்த் தொழில் வளர்ந்துகொண்டிருந்த காலம். காரின் இடத்தைத் தொட மனம் வரவில்லை. மிகவும் மலிவான வழி ஒன்று கையில் இருந்தது: அடையாளப் பலகை நட்ட நடைபாதைகளிலே சைக்கிள் போகலாம் என்று சட்டம்! சிமெண்டு வேண்டாம், செலவு வேண்டாம், ஒரு பலகை போதும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவுகள் குறைந்தன. 1979இல் 8,466 என்று ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆனால் அந்தப் பத்தாண்டிலே சிக்னல் விளக்குகளும் புதிய நடைபாதைகளும் பாதசாரி மேம்பாலங்களும் ஏராளமாகக் கட்டினார்கள். பலகை நட்டதால் மட்டும் வந்த பலன் என்று அதைச் சொல்ல முடியாது.

நெருக்கடிக்காக வந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. சைக்கிள்தான் மேலே ஏறிவிட்டதே, இனித் தனிப் பாதை எதற்கு என்று இருந்துவிட்டார்கள். நடைபாதைதான் சைக்கிளின் இடம் என்று எண்ணியே ஒரு தலைமுறை வளர்ந்தது. சைக்கிளும் ஒரு வண்டியே, அதன் இடம் சாலையே என்பது சட்டப் புத்தகத்திலே மட்டும் இருந்தது.

பிறகு புண் தெரிந்தது. 2008இல் அமலுக்கு வந்த திருத்தத்தில், 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள், 70 வயதான முதியோர், உடல் ஊனமுற்றோர், சாலையில் போவது ஆபத்து என்னும் தவிர்க்க முடியாத நிலையில் உள்ளோர் நடைபாதையில் போகலாம் என்று எல்லை கட்டினார்கள். 2011இல் தேசியப் போலீஸ் நிர்வாகம், இரண்டு மீட்டர் அகலம் இருந்தால் அனுமதி என்றிருந்ததை மூன்று மீட்டர் என்று இறுக்கிற்று. இப்போது அபராதச் சீட்டு. ஆனால் சாலையிலே தனிப் பாதை போதுமான அளவு இல்லாமல் இறங்கு இறங்கு என்றால் சைக்கிள்காரர் எங்கே இறங்குவார்? கார்ச் சக்கரத்தின் முன்னேயா? அந்நாட்டு மக்கள் கேட்கும் கேள்வி இதுதான். கேள்வி நியாயமானது.

இங்கிலாந்தின் இரட்டை நாக்கு

இங்கிலாந்தின் கதை நேர் எதிரானது. அங்கே சட்டம் மிகப் பழையது, மிகத் தெளிவானது. 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம், நடப்பவருக்கென ஒதுக்கிய பாதையிலே குதிரை, கழுதை, ஆடு, பன்றி, வண்டி எதையும் ஓட்டக் கூடாது என்றது. பெடல் வைத்த சைக்கிள் தெருவுக்கு வராத காலம் அது. 1888இல் வந்த வேறொரு சட்டம், சைக்கிளும் வண்டியே என்று சொல்லிவிட்டது. கழுதைக்கு இட்ட தடை சைக்கிளுக்கும் ஆயிற்று!

1999இல் அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கும் அதிகாரம் போலீசுக்கு வந்தது. அதே ஆண்டு உள்துறை அமைச்சர்களில் ஒருவரான பால் போடெங், போக்குவரத்துக்கு அஞ்சி, நடப்பவருக்குத் தொல்லையில்லாமல் நடைபாதையில் ஏறுகிறவரைப் பிடிப்பது நோக்கமல்ல என்று கடிதம் எழுதினார். 2014இல் இன்னொரு அமைச்சரும் அதையே உறுதிப்படுத்தினார். சட்டம் 'கூடாது' என்கிறது. அமைச்சர் 'பார்த்துப் போ' என்கிறார். இதிலே இரக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பாதை போட்டுத் தர வேண்டியவர் கண்ணை மூடிக்கொள்வதும் இருக்கிறது.

அந்தக் குழப்பத்தின் விலை என்ன? 2020 அக்டோபரில் ஹண்டிங்டன் என்ற ஊரிலே, எட்டடிக்குச் சற்றுக் குறைவான ஒரு நடைபாதையிலே, இரண்டு பெண்கள் எதிர் எதிரே வந்தார்கள். ஒருவர் நடந்து வந்தார். மூளை முடக்குவாதம் உள்ளவர், கண் பார்வையும் குறைவு. மற்றவர் சைக்கிளில் வந்தார்; வயது 77. நடந்தவர் கையை வீசி, நடைபாதையை விட்டு இறங்கு என்று கூவினார். சைக்கிளில் வந்த மூதாட்டி சாலையிலே விழுந்தார். கார் ஏறி மாண்டார். நடந்தவருக்கு 2023இல் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2024 மே மாதம் மேல் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துச் செய்தது. இத்தனைக்கும், அந்த நடைபாதை நடப்பவருக்கு மட்டுமா, சைக்கிளுக்கும் பொதுவா என்று போலீசாராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை!

ஒரு மூதாட்டியின் உயிர் போயிற்று. ஓர் ஊனமுற்ற பெண் சிறைக்குப் போனார். சாலையை அப்படிப் பங்கிட்டு, நடைபாதையை இப்படிக் குழப்பி வைத்தவர்கள் யாரும் கூண்டில் ஏறவில்லை. மூன்றாமவர் யார் என்று கேட்டோமே, இதோ!

காரிடமிருந்து எடுத்த நாடு

வேறு வழியே இல்லையா? இருந்தது. ஜப்பான் பலகை நட்ட அதே காலத்திலே நெதர்லாந்தும் அதே துயரத்தில் இருந்தது. 1971இல் அச்சிறு நாட்டிலே சாலையில் மாண்டவர் ஏறத்தாழ 3,300 பேர்; அவர்களில் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். தாய்மாரும் தந்தைமாரும் தெருவுக்கு வந்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதே அவர்கள் இயக்கத்தின் பெயர். 1973இல் எண்ணெய்ப் பஞ்சம் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடாமல் நின்றபோது, கார் இல்லாத தெரு எப்படி இருக்கும் என்று நாடே கண்ணால் கண்டது. அதன் பின்னர் அங்கே சைக்கிளுக்கு இடம் தேடினார்கள். எங்கே? நடைபாதையில் அல்ல, சாலையில். கார் ஓடிய இடத்தை வெட்டித் தனிப் பாதை போட்டார்கள். அகலம் இல்லாத தெருவிலே காரின் வேகத்தைக் கட்டினார்கள். ஒரே நாளிலே நடந்ததல்ல. பல ஆண்டு வாதாடி, படிப்படியாகப் பெற்றார்கள்.

ஆபத்து இரண்டு நாட்டுக்கும் ஒன்றே. ஒரு நாடு எளியவரின் இடத்தைப் பிடுங்கி இன்னோர் எளியவருக்குக் கொடுத்தது. மற்ற நாடு வலியவரிடமிருந்து எடுத்துக் கொடுத்தது. எது நிலைத்தது என்பதை ஜப்பானின் அபராதச் சீட்டே சொல்கிறது!

நமக்கு என்ன?

நம் நாட்டிலே இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 2022இல் இந்தியச் சாலைகளிலே மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதை பெறும் உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையிலே அடங்கியது என்று கூறியது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் நம் பிளாட்பாரத்திலே இன்று ஏறி வருவது சைக்கிளா? சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத மோட்டார் சைக்கிள் அல்லவா ஏறி வருகிறது! நிறுத்த இடமில்லை என்று கார் அல்லவா ஏறி நிற்கிறது! அபராதச் சீட்டு எழுதுகிற கை, முதலில் அங்கே எழுதட்டும்.

2014இல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்காகச் செலவிடும் பணத்திலே குறைந்தது 60 சதவிகிதம் நடப்போருக்கும் சைக்கிளுக்குமான வசதிகளுக்கு என்பது அதிலே உள்ள வாக்கு. வாக்கு நல்ல வாக்கு. சில சாலைகளிலே நடைபாதை அகலமாயிற்று, அதையும் மறைக்கவில்லை. ஆனால் சைக்கிளுக்கு? பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசே ஆண்டுதோறும் இலவசமாகச் சைக்கிள் தருகிறது. சைக்கிளைத் தந்த அரசு, அது ஓடப் பாதை தர வேண்டாமா? பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அந்தச் சைக்கிளில் ஏறிப் பள்ளிக்குப் போகையிலே, பக்கத்தில் தண்ணீர் லாரி. அந்தப் பக்கம் பாட்டி நடக்கும் பிளாட்பாரம். எதைத் தேர்ந்தெடுப்பாள் அவள்? அந்தத் தேர்வை அவள் தலையிலே சுமத்துவதுதான் அநீதி.

ஆகவே நம் முடிவு இது. நடைபாதை நடப்பவருக்கே. சிறு குழந்தைகளுக்கு விலக்குத் தரலாம். ஜெர்மனியிலே எட்டு வயது வரை குழந்தைகள் பெரும்பாலும் நடைபாதையிலேதான் ஓட்ட வேண்டும், பத்து வயது வரை ஓட்டலாம் என்று விதி. கூடவே பெரியவர் ஒருவர் ஓட்டிச் செல்லவும் 2016 முதல் இடமுண்டு. அது அறிவுடைய ஏற்பாடு. மற்றவர்கள் நடைபாதைக்கு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகட்டும். தள்ளிக்கொண்டு போகிறவர் நடப்பவரே.

ஆனால் இந்த முடிவைச் சொல்லிவிட்டுக் கைகழுவினால், சைக்கிள்காரரை லாரிக்கு முன்னே தள்ளியவர்கள் ஆவோம். தடையோடு சேர்த்துச் செய்ய வேண்டிய காரியங்கள் உண்டு: வேகமாக வண்டி ஓடும் அகன்ற சாலைகளிலே, வெறும் வெள்ளைக் கோடாக இல்லாமல், கல் வைத்துக் கட்டிய தனிச் சைக்கிள் பாதை, இடமில்லாத தெருக்களிலே மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாடு, பள்ளிகளைச் சுற்றி இவ்விரண்டும் முதலிலே. பாதை போட்ட பிறகு அபராதம் போடுங்கள், ஏற்றுக்கொள்வோம். பாதை போடாமல் அபராதம் என்றால், அது சட்டமல்ல, வசூல்!

நடக்கிறவரும் சைக்கிள் மிதிக்கிறவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். காலையிலே சைக்கிளில் வேலைக்குப் போகிற தந்தையின் தாய்தான், மாலையிலே கோவிலுக்கோ கடைக்கோ நடந்து போகிறாள். ஆறடி நடைபாதைக்காக அவர்களை அடித்துக்கொள்ள விட்டு, அறுபதடிச் சாலையை மோட்டாருக்கே பட்டா போட்டுக் கொடுத்தது போதும். பங்கு கேட்க வேண்டிய இடம் அந்த அறுபதடியிலே இருக்கிறது!