அட்டைக் கத்தி பிடிக்கவும் சிபாரிசா?

ராஜராஜ சோழனே நேரில் வந்தாலும், "யார் சொல்லி வந்தே தம்பி?" என்று கேட்டு வாசலில் நிறுத்திவிடுவார்கள் போலிருக்கிறது!

சென்னையில் சரித்திர நாடகம் போடும் அமெச்சூர் குழுக்கள் சிலவற்றின் லட்சணம் இதுதான்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பொழுது சாய்ந்ததும் பள்ளிக்கூட ஹாலிலோ, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியிலோ ஒத்திகை நடக்கும். ஆபீஸ் விட்டு வந்தவர் மந்திரி ஆவார். பேங்கில் பணம் எண்ணியவர் சேனாதிபதி ஆவார். காசுக்காக அல்ல. ஆசைக்காக. நல்ல காரியம்தான். யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் புதிதாக ஒருவர் வந்து நின்றால் என்ன நடக்கிறது?

வாலிபர் ஒருவர் வருகிறார். உடம்பில் சாப்பாடு டெலிவரி கம்பெனி பனியன். 2022-லும் 2023-லும் வந்த 'பொன்னியின் செல்வன்' படங்களைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடிப் படித்தவர். நடிக்க ஆசை.

"எங்கேருந்து வர்றே?"

"நொச்சிக்குப்பம் சார்."

ஒரு நிமிஷம் யாரும் பேசுவதில்லை. பிறகு பதில் வருகிறது.

"ஆள் ஃபுல்லா இருக்குப்பா. அடுத்த நாடகத்துக்குப் பார்க்கலாம்."

அடுத்த நாடகம் வரும். அழைப்பு வராது!

ஈட்டியோடு சரி

தப்பித்தவறி உள்ளே சேர்த்துக்கொண்டாலும் தர்பார் சீனில் ஓரமாக ஈட்டி பிடித்து நிற்கும் வேலைதான். வசனம் கிடையாது. என்ன கதை, எந்த ராஜா என்றுகூட யாரும் சொல்வதில்லை. உடுப்பு வாடகையில் மட்டும் பங்கு கேட்பார்கள். 'பழுவேட்டரையர்' என்பதை ஒரு தடவை தப்பாகச் சொல்லிவிட்டால் போச்சு. ஆறு மாசத்துக்கு அதைச் சொல்லியே சிரிப்பார்கள்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். உடை மாற்ற தாழ்ப்பாள் உள்ள அறை இருக்காது. ஒத்திகை பத்து மணிக்கு முடிந்தால் பஸ் கிடைக்குமா என்று கேட்க நாதி இருக்காது. இரண்டு நாள் வந்துவிட்டு மூன்றாம் நாள் நின்றுவிடுவார்கள். "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஈடுபாடு இல்லை" என்று பெரியவர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்!

விளைவு என்ன? இருபது வயது வந்தியத்தேவனுக்கு அறுபது வயதுக்காரர் டோப்பா மாட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு முழங்கால் வலி வந்தால் நாடகமே ரத்து!

அந்தக் காலத்தில்...

கேட்டால், "அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனியில் எல்லாரும் எடுபிடி வேலை செய்துதான் மேலே வந்தார்கள்" என்பார்கள்.

உண்மைதான். ஆனால் பாய்ஸ் கம்பெனியில் பையனுக்குச் சோறு போட்டார்கள். தங்க இடம் கொடுத்தார்கள். பாட்டும் வசனமும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே சோறும் இல்லை, பாடமும் இல்லை. எடுபிடி வேலை மட்டும் இருக்கிறது!

பழைய கதைதான் வேண்டும் என்றால் முழுசாகவே பார்க்கலாம்.

1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 18. நடிகன் என்றால் 'கூத்தாடி' என்று கேலி செய்த காலம் அது. படித்தவர்களும் வக்கீல்களும் அரிதாரம் பூச அந்தச் சபை வழி திறந்தது. தீரர் சத்தியமூர்த்தி அங்கே நடித்தவர். பிற்பாடு சம்பந்த முதலியார் நீதிபதியாகவே ஆனார். 'பதினெட்டு வயசுப் பையனுக்கு என்ன தெரியும்' என்று அன்றைக்கு அவரை உட்கார வைத்திருந்தால், இன்றைய அமெச்சூர் நாடகத்துக்கு அஸ்திவாரம் ஏது?

இன்னொன்று. 1940-களின் நடுவில் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகம். சிவாஜி வேடத்தில் எம்.ஜி.ஆர். நடிப்பதாக இருந்தது. அது நடக்கவில்லை. அந்த இடத்துக்கு வந்தவர் வி.சி.கணேசன். மேடை அனுபவம் உண்டு. ஆனால் அந்தக் குழுவுக்குப் புது ஆள். நம்பிக் கொடுத்தார்கள். நாடகம் பார்த்த பெரியார் 'சிவாஜி' கணேசன் என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது!

"நீ ஈட்டி பிடி, மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்று அன்றைக்கு அவரிடம் சொல்லியிருந்தால்?

அமெரிக்காவில் தனி ஆள்!

வெளிநாட்டில் பழைய காலத்து உடுப்பு போட்டுப் பழைய காலத்துச் சண்டையை நடித்துக் காட்டுவதற்கென்றே சங்கங்கள் உண்டு. அமெரிக்காவில் 1966-ல் பெர்க்கிலி நகரத்தில் ஒரு கூட்டத்தார் ஐரோப்பிய ராஜா காலத்து உடையோடு கூடினார்கள். அது பெரிய சங்கமாக வளர்ந்து பல நாடுகளில் கிளை விட்டிருக்கிறது.

எப்படி வளர்ந்தது? புதிதாக வருபவர்களைக் கவனிக்க அந்தச் சங்கத்தில் தனிப் பொறுப்பாளர் இருக்கிறார். உடுப்பு இல்லாமல் வந்தால் இரவல் கொடுக்க ஒரு பெட்டி உடுப்பு தயாராக இருக்கும். வந்தவர் அன்றைக்கே வேடம் போட்டுக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிடலாம்.

இதற்கு லட்சக்கணக்கில் பணமா வேண்டும்? மனசுதான் வேண்டும்!

இங்கேயும் செய்யலாம். ஒத்திகைக்குப் புதிதாக வருபவரை வரவேற்க ஒருவரை நியமிக்கட்டும். பழைய கிரீடம், கவசம், தலைப்பாகைகளைப் பொதுப் பெட்டியில் போட்டு வைக்கட்டும். முதல் மூன்று மாசத்துக்கு உடுப்புப் பணம் கேட்க வேண்டாம். முதல் நாடகத்திலேயே ஒரு வரி வசனமாவது கொடுக்கட்டும். "மன்னா, எதிரிப் படை வந்துவிட்டது!" என்று சொன்னால் போதும். அந்த ஒரு வரிக்காக அம்மா, அப்பா, சிநேகிதர்கள் பத்துப் பேர் டிக்கெட் வாங்குவார்கள். காலி நாற்காலிக்கு நாடகம் போடுகிற கஷ்டமும் தீரும்.

கத்திச் சண்டையைப் பழகாமல் மேடை ஏற்றவும் கூடாது. தகரக் கத்தியானாலும் கண்ணில் பட்டால் கண்தான் போகும். சொல்லிக் கொடுக்க வேண்டியது பழைய ஆளின் கடமை.

முக்கியமாக, "எங்கேருந்து வர்றே, யார் வீட்டுப் பையன்?" என்ற கேள்வி வேண்டாம். அந்தக் கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும். பதில் சொல்பவருக்கும் தெரியும்.

மாடவீதியைப் பாருங்கள்

மயிலாப்பூருக்குப் பழைய கதையை நடித்துக் காட்டுவது புதிது அல்ல. பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாள் காலையில், குடத்துச் சாம்பலிலிருந்து பூம்பாவையைச் சம்பந்தர் எழுப்பிய கதை கபாலி கோயில் குளக்கரையில் நடத்திக் காட்டப்படுகிறது. சாயந்தரம் அறுபத்துமூவர் ஊர்வலம். மாடவீதிகளில் நிற்க இடம் இருக்காது.

அந்த 63 பேர் யார் யார்? சேரமான் பெருமாள் அரசர். திருநீலகண்டர் குயவர். திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுத்தவர். கண்ணப்பர் வேடர். அதிபத்தர் மீனவர். எல்லோருக்கும் ஒரே ஊர்வலம். யாரையும் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்வதில்லை.

நந்தனாரும் அந்த 63-ல் ஒருவர்தான். அவரை வெளியே நிற்க வைத்த கதை ஊருக்கே தெரியும். அந்தக் கதையை மேடையில் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் ஏராளம்.

மீனவர் அதிபத்தர் பல்லக்கில் போகிறார். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதே மயிலாப்பூரில் நொச்சிக்குப்பத்துப் பையன் ஒத்திகை ஹால் வாசலில் நிற்கிறான்.

ஒரு அட்டைக் கத்தியைக் கொடுத்து, "உள்ளே வா தம்பி" என்று சொன்னால் சோழ சாம்ராஜ்யம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது!