கரடிக்கு எந்தத் துப்பாக்கி?

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளை ஒட்டிய தேநீர்க் கடையில் தோழர் ஒருவர் என்னை மடக்கினார். பெங்களூர் கென்னத் ஆண்டர்சனின் வேட்டை நூலை அப்போதுதான் முடித்திருந்தார். "கரடிக்கு எந்த ரைபிள் ஏற்றது?"

ஆண்டர்சன் கையாண்டது .405 வின்செஸ்டர், குண்டு சுமார் 19 கிராம். ஒரே வேட்டில் விழவேண்டும், காயம்பட்ட கரடி ஆளைக் கிழித்துவிடும் என்பது பழைய வேட்டைக்காரர் கணக்கு. கணக்கில் பிழையில்லை. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேட்டை குற்றம்.

இன்று கரடிக்கு நேரே நீட்டுவது மயக்க ஊசித் துப்பாக்கி. அதற்கும் தேர்வு உண்டு. எடைக்கேற்ற மருந்து வேண்டும். ஊசி பாய்ந்தபின் மயங்கச் சில நிமிடங்கள் ஆகும். மயங்கும் இடம் எது என்பதையும் பார்க்கவேண்டும். 2023 ஏப்ரலில், திருவனந்தபுரம் மாவட்டம் வெள்ளநாட்டில், வீட்டுக் கிணற்றில் விழுந்த கரடிக்கு ஊசி போட்டார்கள். மயங்கிய கரடி நீரில் மூழ்கி மாண்டது. ஊசிக்கு முன் நீரை இறைத்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

தோழர் விடவில்லை. "மனிதருக்கு ஆபத்தென்றால்?" என்றார். பிடிக்கவே முடியாதபோது, தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்துமூலம் கொல்ல அனுமதிக்கலாம். சட்டத்தில் அதற்கும் இடமுண்டு. ஆனால், ஐயா, கிணற்றுக்குள் தத்தளித்த கரடி யாரை அடிக்கப் போகிறது?